எல்லை தாண்டினா ஆஃப்சைடா? ஐரோப்பிய லீக் இணைப்பும் நம்ம குமரிக் கடற்கரையும்!

தக்கலையில இறங்கி பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருக்கீங்களா? நீங்க நிற்கிற மண் தமிழ்நாடு. ஆனா, டிக்கெட் கொடுக்கிறது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைஞ்சப்போ, அரண்மனை பராமரிப்பு மட்டும் கேரளா கையிலேயே இருந்துடுச்சு. ஏறக்குறைய 70 வருஷமா அந்த ஏற்பாடு ஓடிட்டிருக்கு.

அரண்மனைக்கு சரிப்பட்ட விஷயம் ஃபுட்பாலுக்கும் சரிப்படுமா? ஐரோப்பாவுல இது ரொம்ப நாளா ஓடுற விவாதம். பக்கத்துப் பக்கத்து நாடுகளோட கால்பந்து லீக்குகளை ஒண்ணா சேர்த்துடலாமா என்பதுதான் கேள்வி.

காரணம், பணம். இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்குக் கொட்டுற டி.வி பணத்துக்கு முன்னாடி, அயாக்ஸ், கிளப் புருஜ் மாதிரி பெரிய பேருள்ள டீம்களே திணறுது. நெதர்லாந்தையும் பெல்ஜியத்தையும் கூட்டினாலே சுமார் 3 கோடி பேர்தான். நம்ம தமிழ்நாட்டுல பாதிகூட வராது. அதனால ரெண்டு நாட்டு லீக்கையும் ஒண்ணாக்குற திட்டத்துக்கு 2021-ல் பெல்ஜியம் கிளப்கள் கொள்கை அளவுல சம்மதிச்சாங்க. இன்னும் ஒரு மேட்ச்கூட நடக்கலை.

இதுக்கு முன்னாடி முயற்சி செஞ்சவங்க கதையும் சுமார்தான். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் கிளப்களை வெச்சு 2004-ல் தொடங்கின ராயல் லீக், 3 சீசன்ல மூடியாச்சு. டி.வி ஒப்பந்தம் அமையலை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2012-ல் பெண்களுக்காகத் தொடங்கின கூட்டு லீக், 2015-ல் முடிஞ்சிடுச்சு.

ஆனா, ஒரு இணைப்பு 40 வருஷமா நிக்குது. அதுல டி.வி கம்பெனியும் இல்ல, பெரிய கிளப்பும் இல்ல.

வட அயர்லாந்துல, எல்லையை ஒட்டின ஊர் டெர்ரி. 1970-களின் தொடக்கத்துல அங்க கலவரம் உச்சத்துல இருந்தப்போ, மத்த டீம்கள் டெர்ரி சிட்டியோட மைதானத்துக்கு வரவே மறுத்தாங்க. 'ஹோம் மேட்ச்'சை 50 கி.மீ தள்ளி கோல்ரெயின் ஊர்ல ஆட வேண்டிய நிலைமை. 1972-ல் டெர்ரி லீக்கை விட்டே வெளியேறிடுச்சு. 13 வருஷம் அந்த ஊருக்குப் பெரிய ஃபுட்பாலே இல்லை. 1985-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அயர்லாந்துக் குடியரசோட லீக்ல இடம் கிடைச்சுது. 1989-ல் லீக், ரெண்டு கோப்பைகள்னு மூணையும் அள்ளிட்டாங்க. இன்னிக்கும் அங்கதான் ஆடுறாங்க. ஒரு ஊருக்கு ஆட இடம் வேணும். அது எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைச்சுது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போ பத்மநாபபுரத்துலருந்து மேற்கே கடற்கரைக்கு வாங்க. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடினு வரிசையா மீனவக் கிராமங்கள். மணல் இருக்கிற இடமெல்லாம் கோல் போஸ்ட். ஐ.எஸ்.எல்-ல் ஜாம்ஷெட்பூருக்கும் ஏ.டி.கே-வுக்கும் ஆடின மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். நீரோடியைத் தாண்டினா பொழியூர். அது கேரளா, 'சந்தோஷ் டிராபி கிராமம்'னு அங்க பேர் வாங்கின ஊர். ரெண்டு பக்கமும் ஒரே கடல், ஒரே தொழில். தூத்தூர் வட்டாரப் பங்குகள் இன்னிக்கும் திருவனந்தபுரம் மறைமாவட்டத்துலதான் இருக்கு. சர்ச் கணக்குல இல்லாத எல்லை, ஃபுட்பால் கணக்குல இருக்கு.

நீரோடிப் பையன் தமிழ்நாட்டுக்கு, பொழியூர்ப் பையன் கேரளாவுக்கு. சந்தோஷ் டிராபியைக் கேரளா 7 தடவை ஜெயிச்சிருக்கு. தமிழ்நாடு ஒரு தடவைகூட இல்லை.

'திறமை இருந்தா கேரளாவுல போய் ஆடட்டுமே, யாரு தடுத்தா?'னு நீங்க கேட்கலாம். நியாயம்தான், ஆட்டக்காரர் போகலாம். 2024-ல் 6 டீமோட சூப்பர் லீக் கேரளா தொடங்கினப்புறம் அந்த ஈர்ப்பு இன்னும் அதிகம். ஆனா, கிளப் போக முடியாது. மாவட்ட சங்கம், அதுக்கு மேல மாநில சங்கம்னு கட்டின ஏணி அது. குமரிக் கிளப் ஒண்ணு மேல ஏறணும்னா சுமார் 700 கி.மீ தள்ளி இருக்கிற சென்னையைப் பார்க்கணும். திருவனந்தபுரம் ஒன்றரை, ரெண்டு மணி நேரம். நல்லா ஆடுற பசங்க ஒவ்வொருத்தரா கிளம்பிப் போக, ஊர் கிளப் அப்படியே கிடக்குது. தனி ஆளுக்குத் திறக்கிற கதவு, ஊருக்குத் திறக்கலை.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. வேல்ஸைப் பாருங்க. ஸ்வான்ஸீ, கார்டிஃப், ரெக்ஸம் மூணும் இங்கிலாந்து லீக்ல ஆடுறதால, 1992-ல் தொடங்கின வேல்ஸோட சொந்த லீக் இன்னும் சின்னதாவே இருக்கு. குமரி கிளப்கள் கேரளாவுக்குப் போயிட்டா தமிழ்நாட்டு ஃபுட்பாலுக்கும் அதே நிலைமை வரலாம். சிங்கப்பூர் சொந்தக்காரங்க இருந்தா லயன்ஸ் டுவெல்வ் டீம் பத்திக் கேட்டுப் பாருங்க. மலேசிய லீக்ல சேர்ந்து 2013-ல் சாம்பியனே ஆனாங்க. 2015-ல் மலேசியா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. டீமே இல்லாமப் போச்சு. அடுத்த வீட்டுல விருந்தாளியா இருக்கிறதுல அந்த ஆபத்து எப்பவும் உண்டு.

அதனால எடுத்த எடுப்புல சீனியர் லீக்கை இணைக்கணும்னு நான் சொல்ல வரலை. 13 வயசு, 15 வயசுப் பசங்களுக்கு, குமரி - திருவனந்தபுரம் ரெண்டு மாவட்ட கிளப்களையும் சேர்த்து ஒரு பருவ லீக். யாரும் தங்கள் மாநில சங்கத்தை விட்டு விலக வேண்டாம். பஸ்ல போய் ஆடிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். டி.வி பணம் தேவையில்லை. ரெண்டு மாநில சங்கங்களோட சம்மதமும், அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தோட ஒப்புதலும் போதும்.

அந்தக் கையெழுத்துகள் வர்ற வரைக்கும், நடந்தே போற தூரத்துல இருக்கிற நீரோடிப் பையனும் பொழியூர்ப் பையனும் மோதிக்கணும்னா ஏதாவது ஊர் டோர்னமென்ட் வரணும். இல்லைனா ரெண்டு பேரும் வளர்ந்து, ரெண்டு மாநில ஜெர்சியையும் போட்டு, சந்தோஷ் டிராபியில ஒரே குரூப்ல விழணும்.