எள்ளுச் செடி போடும் கணக்கு

முப்பது வருஷத்துக்கு மேல் பேங்கில் பயிர்க்கடன் எழுதியவன் நான். ஓய்வு பெற்று, திருச்சுழிப் பக்கம் மானாவாரியில் எள் விதைத்த பிறகுதான் செடியும் கணக்குப் போடும் என்று தெரிந்தது.

ஒரு கிராம் மாவுச்சத்து சேர்க்கச் செடிக்கு ஏறத்தாழ 1.2 கிராம் சர்க்கரை போதும். ஒரு கிராம் எண்ணெய்க்கு 3 கிராம் வேண்டும். எள்ளில் பாதி எண்ணெய். சோளம் மாதிரி மூட்டை மூட்டையாக எள் விளையாததற்கு இதுவும் ஒரு காரணம். இத்தனை செலவு பிடிக்கிற சரக்கை எள் ஒரே தவணையில் போடுவதில்லை. அடியில் காய் முற்றும்போது நுனியில் பூ இருக்கும்.

இதைத்தான் குறை என்கிறார்கள். அடிக்காய் வெடித்துச் சிதறுது, மெஷின் அறுப்புக்கு ஆகாது என்று. 1943-ல் வெனிசுலாவில் லாங்ஹாம் என்பவர் வெடிக்காத காய் உள்ள எள்ளைக் கண்டுபிடித்தார். காய் அவ்வளவு இறுக்கம். எள்ளைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிறகு இஸ்ரேலில் கதிர்வீச்சு மூலம், பூப்பதைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் செடியையும் உண்டாக்கினார்கள்.

அறுப்புக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் உண்டு. ஆனால் ரெண்டு வருஷம் முன்னே கார்த்திகையில் மூணு வாரம் மழையே இல்லை. முதல் பூவெல்லாம் உதிர்ந்துபோச்சு. மார்கழியில் ஒரே ஒரு மழை. செடி மறுபடி பூத்து, மேலே காய் பிடிச்சுது. செலவுக் காசாவது திரும்பியது. ஒரே மூச்சில் பூத்து முடிக்கிற ரகமாக இருந்தால் கார்த்திகையோடு கதை முடிந்திருக்கும்.

ஒன்றாக முற்றும் ரகம் இறவைக்கு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மானாவாரி ரகத்தை மட்டும் நல்ல மழை வருஷத்து மகசூலை வைத்து எடை போடாதீர்கள். காய்ச்சலுக்குப் பிறகு எந்தச் செடி மீளுது, கரிசலில் ரெண்டு நாள் தண்ணி நின்றால் எது தாங்குது என்று பார்க்க வேண்டும். கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையம் நம் வாசலில் இருக்கிறது. அந்தச் சோதனையை நம் புஞ்சையில் வைக்கச் சொல்லிக் கேட்போம்.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். தையில் அறுக்கும் முன்னே காட்டைச் சுற்றி வாருங்கள். வறட்சியிலும் பள்ளத்திலும் தப்பிக் காய்த்த நூறு செடிக்கு நூல் கட்டுங்கள். பூ இலையாக மாறும் நோய் கண்ட செடி பக்கத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். தனியாக அறுத்து, தனியாகத் தட்டி வையுங்கள். எனக்குப் போன வருஷம் அரைப்படி சேர்ந்தது. இந்த ஐப்பசியில் அதைத்தான் விதைக்கப் போகிறேன்.