‘ஆக்சுவலி’யும் ஏகாரமும்

‘ஆக்சுவலி’ என்னும் ஆங்கில வினையடை வருமிடமெல்லாம் ‘உண்மையில்’ என்று பெயர்த்துக் கடந்துவிடுவது ஆய்வேடுகளிலும் வழக்கமாகிவிட்டது. இது பொருந்தாது என்பது என் கருத்து. அச்சொல் பெரும்பாலும் கூற்றின் மெய்ம்மைக்குச் சான்று பகர்வதில்லை. கேட்போரின் எதிர்பார்ப்பையே மறுக்கிறது. ‘ஹி ஆக்சுவலி கேம்’ என்னும் தொடர், அவர் வரமாட்டார் என்று எண்ணியிருந்ததையும் உணர்த்துகிறது. ‘அவர் உண்மையில் வந்தார்’ என்றாலோ, வரவில்லை என்று யாரோ பொய்யுரைத்தாற்போன்ற தொனி புகுந்துவிடுகிறது. ‘அவர் வந்தேவிட்டார்’ என்பதே நிகரான தொடர். அதில் தனிச்சொல் ஏதுமில்லை; ஏகாரமும் துணைவினையும் அப்பணியைச் செய்கின்றன. ஏகாரத்துக்கு இடையியல் கூறும் ஐந்து பொருள்களுள் தேற்றமும் ஒன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் சொல்லுக்குச் சொல் தேடும் கண்ணுக்கு இடைச்சொல் புலப்படுவதில்லை.

தொடரின் முதலில் வரும் ‘ஆக்சுவலி’ வேறு வகையினது. கேட்டவர் பிழைபடக் கருதியதை முகம் முறியாமல் திருத்துவது அது. அங்கே ஏகாரம் உதவாது. பேச்சுத்தமிழ் அதனோடு ‘ஆக’ என்பதைச் சேர்த்து ‘ஆக்சுவலா’ என்று தன் வினையடையாக்கிக்கொண்டது (என் வாய்மொழித் தேர்வில் நானும் சொல்லியிருக்கிறேன்). அதைக் கொச்சையென்று ஒதுக்குவோர், அவ்விடத்துக்கு எழுத்துத்தமிழ் வைத்திருக்கும் சொல்லைக் காட்டவேண்டும். ‘உண்மையில்’ என்பது அதற்கு விடையாகாது.