நடக்க இயலாதவருக்கு யார் துணை?

மாரி பிறக்குமுன் குளக்கட்டைச் சுற்றிப் பாராத கமக்காரன் நம் நாட்டில் இல்லை. துருசு சீராக இயங்குகிறதா, வான் பாயும் வழியிற் பற்றை வளர்ந்திருக்கிறதா, கட்டில் எலிவளை உண்டா என்பனவற்றை அவன் புரட்டாதியிலேயே பார்த்துவிடுகிறான். வெள்ளம் வந்தபின் மண்வெட்டி தேடுபவனை ஊரார் கமக்காரனென்று மதிப்பதில்லை. பரம்பரையாக நம்மிடமுள்ள இந்த அறிவு, நோயாளரையும் முதியோரையும் பேணும் நிலையங்களின் வாசலோடு நின்றுவிடலாமா?

பேரிடர் எல்லோருக்கும் பொது என்பர். அஃது அரை உண்மையே. காலில் வலுவுள்ளவன் மேட்டுநிலம் நோக்கி ஓடுவான். பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடக்கும் முதியவரும், பிரசவ அறையிலுள்ள தாயும், ஒட்சிசனை நம்பி மூச்சுவிடும் குழந்தையும் ஓட இயலாதவர்கள். அவர்கள் பிறர் கால்களை நம்பியே கிடக்கின்றனர். ஆதலின், வைத்தியசாலையோ முதியோர் இல்லமோ வகுக்கும் அவசரகாலத் திட்டத்துக்கு உரைகல் ஒன்றே: தாமாக எழுந்து நடக்க மாட்டாதவரை யார், எவ்வழியால், எங்கே கொண்டுசெல்வார்? இக்கேள்விக்கு விடை கூறாத திட்டம் வெறுங் காகிதமே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது இப்பாடத்தை நாம் கண்ணீரோடு கற்றோம். முல்லைத்தீவு வைத்தியசாலை அழிந்தது. அவ்வூரின் கரையோரத்திலிருந்த சிறுவர் இல்லமொன்றிற் பல பிஞ்சுகள் மாண்டன. காலியில் மகாமோதர மகப்பேற்று வைத்தியசாலைக்குள் கடல்நீர் புகுந்தது. நோயாளர் அங்கிருந்து வேறிடம் கொண்டுசெல்லப்பட்டனர். காயமுற்றோர் ஓடிவர வேண்டிய இடமே காயமுற்றால் ஊர் எங்கே போகும்? வைத்தியசாலையைக் காப்பது ஒரு கட்டிடத்தைக் காப்பதன்று. அடுத்த நாளைக் காப்பது என்பதை அந்நாள் காட்டிற்று.

வறிய நாடாகையால் நமக்கு இக்கதி, செல்வம் மிக்க நாடுகளில் இவ்வாறு நேராது என்று எண்ணுவோர் அமெரிக்காவை நோக்குக. 2005 ஓகஸ்டில் கத்ரீனாப் புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரை வெள்ளக்காடாக்கியது. அங்கு மெமோரியல் என்னும் பெரிய வைத்தியசாலையில் மின்பிறப்பாக்கிகள் இருந்தன. ஆனால் மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் ஆளிகளிற் சில வெள்ளம் எட்டும் தாழ்வில் இருந்தன. மின்சாரம் அற்றது, நாட்கள் கடந்தபின் 45 உடல்கள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. அந்நகருக்கு அயலிலிருந்த செயின்ட் ரீற்றா முதியோர் பராமரிப்பு இல்லத்தில், வெளியேற்றப்படாதிருந்தோருள் 35 பேர் நீரில் மூழ்கி இறந்தனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 2017 செப்டெம்பரில் இர்மாப் புயல் புளோரிடாவைத் தாக்கியது. ஹொலிவுட் என்னும் ஊரிலிருந்த பராமரிப்பு இல்லமொன்றிற் கட்டிடம் இடியவில்லை, வெள்ளம் புகவில்லை. குளிரூட்டும் பொறிகளுக்கு மின்சாரம் தந்த மின்மாற்றி ஒன்று மட்டுமே பழுதுற்றது. வெப்பம் ஏறிற்று; 12 முதியோர் மாண்டனர். தெருவுக்கு அப்பால் ஒரு பெரிய வைத்தியசாலை இருந்தது என்பதே நெஞ்சைப் பிளக்கும் செய்தி. தூரம் அவர்களைக் கொல்லவில்லை. எந்நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்ற முடிவு உரிய வேளையிற் பிறக்காமையே கொன்றது. அதன் பின்னரே, இத்தகைய இல்லங்கள் மாற்று மின்வசதி வைத்திருத்தல் வேண்டுமென 2018இல் அம்மாநிலம் சட்டம் இயற்றிற்று.

நம் அயல்நாட்டையும் மறத்தலாகாது. 2011 டிசம்பர் 9ஆம் நாள் கல்கத்தாவின் ஆம்றி வைத்தியசாலையில் நிலக்கீழ்த் தளத்திற் பற்றிய தீயின் புகை மாடிகளிற் பரவி, ஏறத்தாழ 90 பேரைக் கொன்றது. அவர்களுட் பெரும்பாலோர் நோயாளர். 2001 ஓகஸ்ட் 6ஆம் நாள் தமிழகத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கவைக்கப்பட்ட கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து மடிந்தனர். சங்கிலியைப் பூட்டியவர் தீயை நினையாதவர். நாமும் இரவில் வெளிக்கதவைப் பூட்டித் திறப்பை ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு உறங்கும் இல்லங்களைக் கண்டும் காணாதிருப்போமாயின், அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி நம் கையிலும் உண்டு.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டிலும், அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005ஆம் ஆண்டிலும் நிறைவேறின. குறை வேறிடத்திலுள்ளது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இயங்குவது. ஆதார வைத்தியசாலைகள் பல மாகாணத்தின் பொறுப்பு. முதியோர் இல்லங்கள் சமூக சேவையோடு சேர்ந்தவை. அனர்த்த வேலைகளோ மாவட்டச் செயலகத்தில் ஒருங்கிணைக்கப்படுபவை. வெள்ளம் இந்த எல்லைகளைப் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் நீர் முற்றத்தை எட்டும்போது, ‘வெளியேறுக’ என்று கட்டளையிடும் அதிகாரம் யாருடையது? தொலைபேசி செயலற்றால் அவ்வதிகாரம் எவர் கைக்கு மாறும்? இது முன்னதாகவே எழுத்தில் தீர்ந்திருத்தல் வேண்டும்.

‘பணத்துக்கு எங்கே போவது?’ என்பர் சிலர். மின்பிறப்பாக்கிக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. அதனை வெள்ளம் எட்டாத மேடையில் வைக்க எவ்வளவு பணம் வேண்டும்? மாதந்தோறும் இயக்கிப் பார்க்கவும், எரிபொருளை அளந்து வைக்கவும் திரவியம் வேண்டியதில்லை. 2022இல் நாடெங்கும் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றதை மறந்தவர் யார்? நடக்கக்கூடியோர், தாங்கிப்பிடிக்க வேண்டியோர், தூக்கிச்செல்ல வேண்டியோர் என நோயாளரை மூவகையாகப் பிரித்து நாள்தோறும் பட்டியலிட ஒரு பென்சில் போதும். அயலிலுள்ள உழவு இயந்திரம், லொறி, வள்ளம் ஆகியவற்றின் உரிமையாளரோடு முற்கூட்டியே பேசி வைக்க நல்ல மனம் போதும். ஒவ்வொரு முதியவரின் பெயர், நோய், மருந்து, உறவினர் முகவரி ஆகியவற்றை ஓர் அட்டையில் தமிழில் எழுதி, நீர் புகாத உறையிலிட்டுக் கட்டிலிற் கட்டிவிட்டால், எங்கே கொண்டுசெல்லப்படினும் அவர் அநாதையாகார்.

கமக்காரருக்கு ஒன்று சொல்வோம். வவுனியாவிலும் வன்னியின் பிற பகுதிகளிலும் சிறுநீரக நோயால் வாடும் உழவர் பலர். அவர்களுட் சிலரின் உயிர், கிழமைக்கு இருமுறை மும்முறை நடைபெறும் இரத்தச் சுத்திகரிப்பிலே தங்கியிருக்கிறது. ஒருவருக்கு ஒருமுறை செய்வதற்கே நூறு லீற்றருக்கு மேற்பட்ட தூய நீர் வேண்டும். தடையற்ற மின்சாரமும் வேண்டும். பாதை அறுந்து நான்கு நாள் சென்றால் அவர் நிலை யாது? எந்த வைத்தியசாலை அவரை ஏற்கும் என்பதை அவரும் அவர் வீட்டாரும் இன்றே அறிந்திருத்தல் வேண்டாமா?

1964 டிசம்பரில் வடக்கைத் தாக்கிய புயல், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2008 நவம்பரில் வந்த நிசா, 2025 நவம்பரில் நாட்டையே உலுக்கிய டித்வா ஆகிய யாவும் மாரியோடு வந்தவையே. காலம் அறிந்த பகைவன் இவன். ஆகவே நாம் கேட்பது இதுவே: ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னர் ஒவ்வொரு வைத்தியசாலையும், அரசாங்கத்தினதாயினும் தனியாரதாயினும் ஒவ்வொரு முதியோர் இல்லமும், தன் திட்டத்தை ஒருமுறையேனும் நடத்திப் பார்த்தல் வேண்டும். ஒத்திகை பகலில் மட்டுமன்றி, ஊழியர் குறைந்த இரவிலும் நடைபெறல் வேண்டும். அதிற் கண்ட குறைகளை ஊரறிய வெளியிடல் வேண்டும். இதனைச் செய்யாத இல்லத்தின் பதிவு புதுப்பிக்கப்படலாகாது.

டாக்டர்மாரும் தாதிமாரும் பொறியியலாளரும் சட்டம் அறிந்தோரும் நம்மிடையே நிறைந்துள்ளனர். தத்தம் ஊரிலுள்ள இல்லத்துக்கு ஒருநாட் பொழுதை அவர்கள் ஈவார்களாக. தாய் தந்தையரை அங்கு ஒப்படைத்துவிட்டுக் கடல் கடந்து வாழும் பிள்ளைகள், மாதப் பணத்தோடு இந்தக் கேள்வியையும் அனுப்புவார்களாக: “வெள்ளம் வந்தால் என் தாயை யார் தூக்குவார்?” பெயர் சொல்லி விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருத்தல் அவர்கள் கடமை.