ஆர்ட்டெமிஸ் யாருக்கும் தோழி இல்லை

இணையத்தில் இப்போது உலவும் ஆர்ட்டெமிஸ் உங்களுக்கும் அறிமுகமாகியிருப்பாள். கையில் வில், பக்கத்தில் மான், எந்த ஆணுக்கும் அடங்காத கன்னி, பெண்களின் காவல்காரி. கிரேக்கப் புராணத்தில் நமக்குப் பிடித்த மாதிரி ஒரு தெய்வம் ரெடிமேடாகக் கிடைத்துவிட்டது என்று ஆளாளுக்குத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். நாசா தன் நிலவுத் திட்டத்துக்கு அவள் பெயரை வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அப்போலோவின் இரட்டைச் சகோதரி, பெயர் பொருந்துகிறது. ஆனால் ‘பெண்களின் காவல்காரி’ என்பதில் பாதி பொய் இருக்கிறது. அந்தப் பொய் யாரை மறைக்கிறது என்பதுதான் என் சண்டை.

கலிஸ்டோவை எடுத்துக்கொள்வோம். ஆர்ட்டெமிஸின் வேட்டைக் கூட்டத்தில் ஒருத்தி. ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் கதையில், ஜூபிடர் அவள் வணங்கும் தெய்வத்தின் உருவத்திலேயே வந்து அவளைப் பலாத்காரம் செய்கிறான். மாதங்கள் கழித்து, குளிக்கும் இடத்தில் வயிறு தெரிந்துவிடுகிறது. காவல்காரி என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புனித ஊற்று தீட்டுப்பட்டுவிடுமாம், வெளியே போ என்கிறாள். வேறொரு வடிவத்தில் கலிஸ்டோவைக் கரடியாக்குவதே ஆர்ட்டெமிஸ்தான்.

அடுத்து நயோபி. தனக்குப் பிள்ளைகள் அதிகம் என்று லீட்டோவிடம் பீற்றிக்கொண்டது அவள். செத்தது அவள் பிள்ளைகள். இலியட் கணக்குப்படி ஆறு மகன்கள் அப்போலோவின் அம்புக்கு, ஆறு மகள்கள் ஆர்ட்டெமிஸின் அம்புக்கு. ஈஸ்கிலஸின் நாடகத்தில், சினைமுயலைக் கழுகுகள் கிழித்துத் தின்றதற்காக அவளுக்குக் கோபம் வருகிறது. சரி, இளகிய மனசு. அதற்கு ஈடாக அவள் கேட்பது அகமெம்னானின் மகள் இபிஜினியாவை!

‘இதெல்லாம் ஆண்கள் எழுதிய கதை பாஸ்’ என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சுதந்திரக் கன்னியையும் அதே ஆண்கள்தானே எழுதினார்கள்? பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை ஆணாதிக்கக் கணக்கில் தள்ளுவது என்ன நியாயம்?

கவிஞர்களை விடுங்கள், பெண்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஏதென்ஸுக்குக் கிழக்கே பிரௌரான் என்ற இடத்தில் ஆர்ட்டெமிஸுக்குக் கோயில் இருந்தது. அங்கே பெண்கள் தங்கள் துணிமணிகளைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அதன் பட்டியல் இருக்கிறது: யார் கொடுத்தது, என்ன துணி, எப்படிப்பட்டது. நெய்து முடிக்காத துணிகூடப் பதிவாகியிருக்கிறது. பிரசவத்தில் இறந்த பெண்களின் ஆடைகள் அதே பிரௌரானில் இபிஜினியாவுக்குப் படைக்கப்படும் என்று யூரிப்பிடிஸ் நாடகத்தில் அதீனா சொல்கிறாள்.

ஒரு பெண் திடீரென்று செத்துப்போனால் ஆர்ட்டெமிஸின் அம்பு பட்டது என்பது ஹோமரின் காவியங்களில் சாதாரணப் பேச்சு. பிரசவ வலி எடுத்தால் கூப்பிடுவதும் அவளைத்தான். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அம்பு யார் கையில் இருக்கிறதோ அவளிடம்தானே கெஞ்ச முடியும்? குட்டிகளைக் காப்பதும் வேட்டையாடுவதும் ஒரே தெய்வத்தின் வேலை என்று கிரேக்கர்கள் வைத்ததும் இதனால்தான்.

அவளை ரோல் மாடலாக்கும்போது தொலைந்துபோவது இந்தப் பயம். அது கற்பனைப் பயம் இல்லை. மருந்தும் மருத்துவமனையும் இல்லாத காலத்தில், ஒவ்வொரு கர்ப்பமும் சாவோடு ஆடிய சூதாட்டம். அந்தப் பயத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, வில்லோடு ஒருத்தி வந்தாள்.

அடங்காத பெண்ணுக்கு ஒரு சின்னம் வேண்டுமென்றால் தாராளமாகப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஆர்ட்டெமிஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்தத் துணிப் பட்டியலையும் ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.