பனி எரித்த கொழுந்தும் ஒரு பிள்ளையின் கேள்வியும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள், குறிப்பாக ஆசிரிய நண்பர்கள், முழுவதும் வாசியுங்கள்.

நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் மேகமில்லாமல் இருக்கும் இரவுகள் வரும். அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளையாகக் கிடக்கும். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் படம் எடுப்பார்கள். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். கொழுந்து இல்லையென்றால் கிலோ இல்லை, கிலோ இல்லையென்றால் அரைப் பேர்தான். அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

அப்படியொரு பனி நாளில் வெப்பப் பாடம் நடத்தினேன். கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். "கதிர்வீசலுக்கு ஊடகம் தேவையில்லை" என்று கரும்பலகையில் எழுதினேன், எல்லோரும் கொப்பியில் எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் எழும்பிக் கேட்டது: "சேர், எங்க மலையில நிழல் மரத்துக்குக் கீழ இருக்கிற செடி கருகல. வெட்டையில இருக்கிறதுதான் கருகிச்சு. ரெண்டுக்கும் ஒரே குளிர்தானே?"

அவள் கேட்டதுதான் பாடமே. இரவில் தேயிலை இலை தன் வெப்பத்தைக் கதிராக வானத்துக்கு வீசுகிறது. மேகமோ மரமோ மேலே இருந்தால் அதுவும் வெப்பத்தைக் கீழே வீசும், இழப்பு குறையும். வெட்டவெளியில் திரும்பி வருவது குறைவு. அதனால் இலை சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்து உறைகிறது.

சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி: "அப்ப இந்த வெப்பத்த சுவிட்சு மாதிரி போட்டு நிப்பாட்ட ஏலாதா சேர்?" எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அன்றிரவு தேடி வாசித்தேன். அவள் கேட்டதை உலகத்தில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுத் தேத்தண்ணிப் பிளாஸ்க்கை எடுங்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவில் வெற்றிடம், உள்ளே வெள்ளிப் பூச்சு. கதிராகப் போகும் வெப்பத்தை அந்தப் பூச்சு திருப்பி அனுப்புகிறது. ஒரு பொருள் ஆகக் கூடினால் எவ்வளவு வெப்பத்தைக் கதிராக வீசலாம் என்பதற்கு மக்ஸ் பிளாங்க் 1900இல் தந்த விதியிலிருந்து ஓர் எல்லை கிடைக்கிறது. ஆனால் இரண்டு சுவர்களையும் மிக மிக நெருக்கமாக, வெப்ப அலையின் நீளத்தை விடக் கிட்டவாகக் கொண்டுவந்தால் (சாதாரண வெப்பநிலையில் அது சுமார் 10 மைக்கிரோமீற்றர், மயிரிழையை விடச் சிறிது) அந்த எல்லையையும் தாண்டி வெப்பம் பாய்கிறது. மேற்பரப்பை விட்டுத் தூரம் போகாமல் ஒட்டியே இருக்கும் அலைகள் நெருக்கத்தில் அடுத்த சுவரைத் தொட்டுவிடுகின்றன. போல்டர், வான் ஹோவ் என்ற இருவர் 1971இல் இதற்கான கணக்கைப் போட்டார்கள்.

இனி சுவிட்சு. சில உலோகங்கள் கடுங்குளிரில் மின்தடையை முற்றாக இழந்துவிடும். இவை மீகடத்திகள். கமர்லிங் ஒன்னெஸ் 1911இல் இதை இரசத்தில் முதலில் கண்டார். நயோபியம் என்ற உலோகம் ஏறக்குறைய −264 பாகை செல்சியசில் இப்படி மாறும். அப்போது அதன் இலத்திரன்கள் சோடி சேர்ந்துகொள்கின்றன. சின்னச் சக்தியால் சோடியைப் பிரிக்க முடியாது, எனவே சின்னச் சக்தியோடு வரும் வெப்பக் கதிரை உலோகம் உறிஞ்சாது. செக் குடியரசின் பெர்னோ நகர ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட பரிசோதனையில், நயோபியம் மீகடத்தியானதும் நெருங்கிய இரு பரப்புகளுக்கிடையே வெப்பப் பாய்ச்சல் பல மடங்கு குறைந்தது. சூடாக்கினால் கதவு திறக்கிறது, குளிராக்கினால் மூடுகிறது. சிறு வெப்பம்கூடக் கெடுத்துவிடும் குவாண்டம் கணினி போன்ற கருவிகளுக்கு இது உதவலாம் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இதைப் பாடசாலையில் சொன்னபோது ஒரு நண்பர், "இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு சேர்? முதல்ல சித்தியடையட்டும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆய்வுகூடம் இல்லை, கணித அடிப்படை பலவீனம். நயோபியம் தேயிலையைக் காப்பாற்றப் போவதும் இல்லை. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கேள்வியை நான் கற்றுக்கொடுக்கவில்லை. அம்மாவோடு மலைக்குப் போன பிள்ளை தானாகப் பார்த்துக் கேட்டது. நாம் செய்யவேண்டியது அந்தக் கேள்வியை அணைக்காமல் இருப்பதுதான்.

அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க ஆசைப்படுகிறாள். தமிழ்மொழியில் பௌதிகவியல் சொல்லித்தரும் பாடசாலை அவளுடைய தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. "கலைப் பிரிவே போதும், இங்கேயே படி" என்கிறார் தகப்பன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பஸ் காசு அவருடைய பேரிலிருந்துதான் போகவேண்டும். 2008இல் தொடங்கிய, நம் நாட்டுக்கென ஒரு நனோ தொழினுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இருக்கிறது. லயத்துப் பிள்ளை அங்கே ஆய்வாளராகப் போகும் வழி, இந்த இரண்டு பஸ்ஸிலேயே அடைபட்டு நிற்கிறது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த பனிக்காலத்தில் முன்னிரவே இரண்டு தகரத் தட்டுகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெட்டவெளியிலும் மற்றதை மரத்தின் கீழும் வையுங்கள். காலையில் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும். செலவில்லாத ஆய்வுகூடம்.

கட்டடம் திறக்க வரும் அரசியல்வாதிகளிடம் பெற்றோர் ஒன்று கேளுங்கள்: கட்டடம் சரி, பௌதிகவியல் ஆசிரியர் எப்போது வருவார்?

அந்தப் பிள்ளையின் தகப்பனை அடுத்த வாரம் இன்னொரு தடவை போய்ப் பார்க்கப் போகிறேன். பஸ் காசுக்கு ஒரு வழி செய்யலாம் என்று சில நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், நல்லது நடக்கும்.