பனிமலைக்கு அம்மாவும் வருகிறார்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாகக் குடும்பத்தோடு பனிச்சறுக்குப் பயணம் போனோம். பெயர்பெற்ற இடம். நானும் கணவரும் பிள்ளைகள் இருவரும் காலையில் கிளம்பினால் மாலையில்தான் அறைக்குத் திரும்புவோம். அப்போது 68 வயதான அம்மா ஹோட்டலிலேயே இருந்தார். கேட்டபோதெல்லாம், “எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்,” என்றார்.

சிங்கப்பூர் திரும்பியதும் அவருடைய கைப்பேசியில் உள்ள படங்களைப் பார்த்தேன். ஐந்து நாளில் பதினேழு படங்கள். எல்லாமே ஒரே சன்னலிலிருந்து எடுத்தவை.

அதனால் சென்ற மார்ச் விடுமுறைக்கு மீண்டும் பனிமலை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, திட்டத்தை அம்மாவிடமிருந்து தொடங்கினேன். சறுக்காத ஒருவர் அங்கே எங்கே நடப்பார், எங்கே உட்காருவார், மதியம் எங்களுடன் எப்படிச் சேர்ந்து சாப்பிடுவார்? இந்தக் கேள்விகளோடு தேடியதில் கிடைத்த ஊர்தான் பெட்மெரால்ப். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ரோன் பள்ளத்தாக்குக்கு மேலே, ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் தெற்கு நோக்கி அமைந்த சிற்றூர். வெயிலுக்குக் குறைவில்லை. ஊருக்குள் கார் கிடையாது.

என் கணவருக்கு முதலில் மனமில்லை. “அவ்வளவு தூரம் போயிட்டு மாட்டர்ஹார்ன் பார்க்காம வர்றதா?” என்றார். அவர் மனத்தில் இருந்தது செர்மாட். அங்கே இத்தாலியப் பகுதியையும் சேர்த்து 300 கிலோமீட்டருக்கும் மேலான சறுக்குப் பாதைகள் உண்டு. பெட்மெரால்பும் அதன் பக்கத்து ஊர்களும் சேர்ந்தால் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால், எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகள் முதல் மூன்று நாள் பயன்படுத்துவது இருநூறு மீட்டர் சரிவைத்தான். மீதிக் கிலோமீட்டர்களுக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

அடுத்து, தேதி. நம் ஆண்டிறுதி விடுமுறையில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் பல இடங்களில் பாதைகள் முழுமையாகத் திறந்திருக்காது. கிறிஸ்துமஸ் நெருங்கினாலோ கூட்டமும் விலையும் உச்சத்துக்குப் போய்விடும். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகள் பலவற்றுக்குக் குளிர்கால விடுமுறை. ஈஸ்டர் சீக்கிரம் வரும் ஆண்டுகளைத் தவிர, நம் மார்ச் விடுமுறை இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அமைகிறது. பகல் நீண்டிருக்கும், குளிரும் சற்றுத் தணிந்திருக்கும். தாழ்வான ஊர்களில் அப்போது பனி உருகத் தொடங்கிவிடலாம் என்பதால், உயரமான ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆல்ப்ஸ் ஊர்களில் வாடகை வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து இரவில் விமானம் ஏறினால் சனிக்கிழமை காலை சூரிக். அடுத்த சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு சிங்கப்பூர். திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

சூரிக்கிலிருந்து பிரிக் நகருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். வழியில் 2007ல் திறக்கப்பட்ட, 34.6 கிலோமீட்டர் நீளமுள்ள லோட்ச்பெர்க் சுரங்கப்பாதை வரும். பிரிக்கில் சிவப்பு நிறச் சிறு ரயிலுக்கு மாறி, பெட்டன் அடிவார நிலையத்தில் இறங்கி, கேபிள் காரில் ஏறினால் ஊர். கார் ஓட்டத் தேவையே இல்லை. பெட்டிகளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் அங்குள்ளவர்கள் கடைச் சாமான்களைக்கூடச் சறுக்குப் பலகையில் வைத்துத்தான் இழுத்துப் போகிறார்கள்.

சறுக்குக் கட்டைகள், காலணி, தலைக்கவசம் எதையும் இங்கே வாங்க வேண்டாம். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நனையாத கால்சட்டை, நல்ல கையுறை, உடலை ஒட்டிய உள்ளாடை, கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு ஆகியவை போதும். பனியில் வெயில் பட்டுத் திரும்புவதால் முகம் வேகமாகக் கறுத்துவிடும். அம்மாவுக்கு மட்டும், காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை ஒன்று வாங்கினேன். அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பதால், அந்த உயரத்துக்குப் போகலாமா என்று மருத்துவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம்.

சுவிட்சர்லாந்தில் வெளியில் சாப்பிடுவது பணப்பையைக் காலியாக்கிவிடும். சமையலறை உள்ள வீட்டை எடுத்ததில் செலவு நன்றாகவே குறைந்தது. அம்மா ரசப்பொடி, புளி, பருப்புப்பொடி எல்லாம் கட்டிக்கொண்டார். நெய்ப் போத்தலை மட்டும் நான் வெளியே எடுத்து வைத்தேன். நம் பக்கத்து நாடுகளிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் அங்கே கொண்டுபோக அனுமதியில்லை. நெய்யும் பால் பொருள்தானே! “வெண்ணெய்க்குப் பேர்போன ஊரும்மா, அங்கேயே காய்ச்சிக்கலாம்,” என்று சமாதானம் சொன்னேன். அப்படியே காய்ச்சவும் செய்தார்.

பயணக் காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. முந்திய பயணத்துக்கு நாங்கள் வாங்கிய காப்புறுதியில் பனிச்சறுக்கு சேரவே இல்லை என்பது, வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது. யாருக்கும் கால் உடையாதது எங்கள் நல்ல நேரம். மலைச்சரிவில் விழுந்தவரைத் தூக்க ஹெலிகாப்டர்கூட வர நேரலாம். அந்தக் கட்டணம் ஆயிரக்கணக்கான வெள்ளியைத் தொடும். பனிச்சறுக்கும் மலை மீட்பும் சேர்ந்திருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நேரம் ஏழு மணி பின்னால் போவதால், பிள்ளைகள் முதல் இரண்டு நாள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிட்டார்கள். காலையில் எங்கள் நால்வருக்கும் சறுக்குப் பயிற்சி. தெற்குச் சரிவு என்பதால் மார்ச் மாதப் பிற்பகலில் பனி இளகிவிடும். கற்றுக்குட்டிகளுக்குக் கால் சிக்கும். ஆகவே மதியத்தோடு நிறுத்திவிட்டு, பிற்பகலை அம்மாவுக்கு என்று ஒதுக்கினோம்.

நடப்பவர்களுக்காகவே பனியை அழுத்திச் சமன் செய்த பாதைகள் அங்கே உண்டு. ஒருநாள் பக்கத்து ஊரான ரீடரால்ப் வரை மெதுவாக நடந்தோம். மற்றொரு நாள் பெட்மெர்ஹார்ன் மலைக்கு எல்லாரும் கேபிள் காரில் ஏறினோம். சறுக்காதவர்களும் அதில் போகலாம். மேலே நின்று பார்த்தால் கீழே அலெட்ச் பனியாறு. சுமார் 20 கிலோமீட்டர் நீளம். ஆல்ப்ஸ் மலையிலேயே மிகப் பெரியது. 2001 முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பகுதியில் அடங்குவது. அது ஆண்டுதோறும் சுருங்கிவருவதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, “நான் பெரியவளாகும்போது இருக்குமா?” என்று மகள் கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

கடைசி நாள், ஊர் ஓரத்தில் மேட்டின்மேல் இருக்கும் சிறிய வெள்ளைத் தேவாலயத்துக்குப் போனோம். 1679ல் கட்டப்பட்டது. பெயர், பனிமய மாதா ஆலயம். அம்மா அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் இந்துக்கள். ஆனால், தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவருக்கு, ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழா என்றால் ஊர்த் திருவிழா.

“வெயில் கொளுத்துற ஊர்ல மாதாவுக்கு ஏன் இந்தப் பேருன்னு சின்ன வயசுல எங்கம்மாகிட்ட கேட்டிருக்கேன்,” என்றார். “இங்க பொருத்தமா இருக்கு.”

தூரத்தில் மாட்டர்ஹார்ன் தெளிவாகத் தெரிந்தது. “மாப்பிள்ளை, நீங்க கேட்ட மலை அதுதானே?” என்று அம்மாதான் காட்டினார். என் கணவர் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். “முதல்ல நீங்க நில்லுங்க அத்தை,” என்றார்.