மஞ்சள் ஐஸாகாது

மூதூர் மீனுக்கு ஐஸ் எதற்கு, மஞ்சளும் கொறுக்காய்ப்புளியும் போதாதா என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒருவர். கிராம்பு, கறுவா, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றின் சாறுகள் கிருமிகளை அடக்கும் என்று அவர் சொல்வது சரி. அதில் எனக்கு வழக்கில்லை. ஆய்வுகூடத் தட்டில் நடந்ததை அப்படியே தூக்கி மீன் சந்தையில் வைக்கிறாரே, வழக்கு அங்கேதான்.

தட்டில் இருப்பது ஒரே கிருமி, அதன் மேல் செறிவான சாறு. மீனில் கொழுப்பும் புரதமும் அந்தச் சாற்றின் வீரியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டில் கிடைத்த பலன் மீனில் கிடைக்க வேண்டுமென்றால் அளவைப் பலமடங்கு கூட்ட வேண்டும். அந்த அளவுக்குக் கிராம்பெண்ணெய் ஊற்றிய மீனைப் பூனையும் தொடாது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரைவதே அபூர்வம்.

அடுத்தது, அவர் தொடாமலே போன விஷயம்: ஹிஸ்டமின். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே பிடித்த சூரை வெயிலில் கிடந்தால், அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடினைப் பக்றீரியா ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு பக்றீரியாவைக் கொன்றும் பயனில்லை, நஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும். பொரித்தாலும் போகாது, அவித்தாலும் போகாது, ரின்னில் அடைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு தடிக்கும். வீட்டில் “மீன் ஒத்துக்கொள்ளேல்ல” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஹிஸ்டமினுக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத்தர அமைப்பு வைத்திருக்கும் பாதுகாப்பு எல்லை கிலோவுக்கு 200 மில்லிகிராம். அதைத் தாண்டிய மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல மீனாகவே இருக்கலாம். கொஞ்சநஞ்சம் எச்சரிக்கும் வாடையையும் மஞ்சள் பூசி மறைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார்.

சிங்களச் சகோதரர்களின் அம்புல் தியல் என்ற புளி மீன் கறியையும் சாட்சிக்கு அழைக்கிறார். நல்ல சாட்சிதான், ஆனால் அவருக்கு எதிரான சாட்சி. அது கெடாமல் நிற்பதற்குக் காரணம் கொறுக்காயின் கடும் புளிப்பு, உப்பு, தண்ணீர் வற்றும்வரை வேக வைப்பது. மூன்றும் சேர்ந்துதான் காக்கின்றன. அதுவும் நல்ல மீனில் தொடங்கினால் மட்டுமே. பழுதான சூரையை எவ்வளவு புளியில் போட்டாலும் பழுதான சூரைதான்.

வெப்ப நாட்டு மக்கள் கிருமிக்குப் பயந்தே மசாலாவைக் கூட்டினார்கள் என்ற வாதம் 1998இல் பில்லிங், ஷெர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது. நம்மவருக்கு அது வேதவாக்கு. 2021இல் லிண்டல் புரோம்ஹாமும் கூட்டாளிகளும் 70 சமையல் மரபுகளின் 33,750 குறிப்புகளை அலசி, அந்த வாதத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். 1998இல் வாசிப்பதை நிறுத்திவிட்டாரோ என்னவோ.

மசாலா தானே சுத்தம் என்றும் நம்புகிறார் போலிருக்கிறது. 2009–10இல் அமெரிக்காவில் மிளகு தடவிய சலாமி இறைச்சியால் 272 பேர் சல்மொனெல்லா தொற்றுக்கு ஆளானார்கள். கிருமி வந்தது மிளகாலும் மிளகாய்த்தூளாலும். காவலுக்கு வைத்தவனே களவெடுத்த கதை.

ஐஸ் விலை கட்டாது என்று தோப்பூருக்கும் கிளிவெட்டிக்கும் ரெஜிபோம் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் ஓடும் வியாபாரி சொன்னால், அது நியாயமான குறை. மலிவாக ஐஸ் கேட்டு மனு எழுதட்டும், முதல் கையெழுத்து என்னுடையது. ஐஸ் வாங்க முடியாதவனிடம் ‘ஐஸே தேவையில்லை, உன் பாட்டிக்குத் தெரியும்’ என்று சொல்லி அனுப்புவது வேறு விஷயம். அந்தப் பாட்டி காலையில் வந்த மீனை மத்தியானத்துக்குள் சமைத்து முடித்தவர். மிஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்கினார். மஞ்சளைப் பூசிவிட்டு மறுநாள் சந்தைக்கு அனுப்பவில்லை.